சிறு நாடக மன்றங்களும் அவற்றைத் தாங்கும் நிறுவனங்களும்

யூபிலி ஆண்டு என்பது மகிழ்ச்சிக்குரிய ஆண்டு மட்டுமன்று. நன்கொடை கேட்கும் ஆண்டுமாகும். பழைய மாணவர் சங்கத்தின் மடல்கள் கடல் கடந்து செல்கின்றன. கட்டடத்துக்கு ஒருவர், நூலகத்துக்கு ஒருவர், விளையாட்டு மைதானத்துக்கு ஒருவர் என அன்பர்கள் மனமுவந்து கைகொடுக்கின்றனர். இவையனைத்தும் போற்றத்தக்கனவே. இம்மலருக்கு நாடகம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென எம்மைக் கேட்டபோது, முத்தமிழுள் நாடகத்தின் இடம் யாது, அதன் தொன்மை யாது என்று எழுதுதல் எமக்கு எளிதாயிருந்திருக்கும். ஆனால் அவை பல மலர்களிற் பலராலும் எழுதப்பட்டுவிட்டன. ஆகவே, அதிகம் பேசப்படாத ஒரு பொருளை நாம் எடுத்துக்கொண்டோம். சிறு நாடக மன்றங்கள் எவ்வாறு வாழ்கின்றன, எவ்வாறு மறைகின்றன, அவை மறையாதிருக்க அவற்றின் பின்னால் எத்தகைய நிறுவனங்கள் நிற்றல் வேண்டும் என்பதே அப்பொருள்.

சிறு நாடக மன்றம் என்று நாம் ஈண்டுக் குறிப்பது யாதெனில், சொந்த அரங்கமோ சம்பளம் பெறும் நடிகரோ இல்லாது, அரசினதோ வணிகரினதோ கட்டளைக்கு உட்படாது, நாடகத்தின்பாற் கொண்ட பற்றொன்றினாலேயே கூடி இயங்கும் குழுவை. அதில் ஆசிரியர் இருப்பர், எழுதுவினைஞர் இருப்பர், தோட்டஞ் செய்வோரும் மாணவரும் இருப்பர். பகலெல்லாம் தத்தம் தொழிலைப் பார்த்து, மாலையில் ஒரு வாசிகசாலையின் பின்புறத்திலோ ஒரு கோயில் மடத்திலோ கூடி ஒத்திகை பார்ப்பர். புதிய கருத்துகளும் புதிய உருவங்களும் நாடக உலகில் முதன்முதலாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் இத்தகைய குழுக்களிலேதான். பெரிய அரங்குக்கு நட்டத்தைப் பற்றிய அச்சம் உண்டு. சிறு குழுவிடம் இழப்பதற்கு ஒன்றும் இல்லாமையால் அதற்குத் துணிவு உண்டு. ஆயினும், இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனும் கடன்படுதல் கூடும் என்பதை நாம் இளமையிலேயே கற்றுக்கொண்டோம்.

எம் சொந்த அனுபவத்தை முதலிற் கூறிவிடுகின்றோம். ஏ-9 வீதி திறக்கப்பட்ட 2002ஆம் ஆண்டில், எம்மூர் இளைஞர் பன்னிருவர் சேர்ந்து ஒரு நாடக மன்றம் அமைத்தோம். அக்காலத்தில் எமக்கு வயது இருபதைச் சற்றுக் கடந்திருந்தது. போர் ஓய்ந்திருந்த காலமாகையால், இரவில் வெளியே கூடுவதே ஒரு புதிய இன்பமாயிருந்தது. இடம்பெயர்ந்து மீண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகம் எம் கையால் எழுதப்பட்டு, நான்கு மாதம் ஒத்திகை பார்க்கப்பட்டு, வாசிகசாலை வெளியில் அரங்கேறியது. ஊரார் மனமுருகிப் பார்த்தனர். அயலூரார் தங்கள் ஊருக்கும் வரும்படி அழைத்தனர். இரண்டாம் முறையும் கூட்டத்துக்குக் குறைவில்லை. மூன்றாம் முறை மேடையேறி அரைமணி நேரத்தில் மழை கொட்டியது.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். ஒலிபெருக்கிக்கும் விளக்குகளுக்கும் மின்பிறப்பாக்கிக்கும் வாடகை, உடுப்புகளுக்கு வாடகை, உழவியந்திரப் பெட்டியிற் பொருள்களை ஏற்றி இறக்கிய கூலி எல்லாமாக மூன்று மேடைகளுக்கும் முப்பத்தெண்ணாயிரம் ரூபா செலவாகியிருந்தது. கையிற் சேர்ந்ததோ இருபத்தோராயிரம். எஞ்சிய தொகைக்காக நண்பர் ஒருவர் தம் தாயாரின் சங்கிலியை அடகு வைத்திருந்தார் என்பது அப்பொழுதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அச்சங்கிலியை மீட்கப் பதினான்கு மாதங்கள் சென்றன. அதன்பின் ஒத்திகைக்கு வரும்படி எவரும் எவரையும் அழைக்கவில்லை. இரண்டாவது நாடகத்தின் பிரதி, இரண்டு அப்பியாசக் கொப்பிகளில், இன்றும் எம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றது.

இக்கதையில் இன்னுமொரு பகுதி உண்டு. எம்முடைய முதல் அரங்கேற்றத்தைக் கேள்வியுற்று, வெளிநாட்டில் வாழும் எம்மூர்ப் பெரியவர் ஒருவர் மன்றத்துக்கு உதவ முன்வந்தார். நல்ல மனத்தோடுதான் வந்தார். சிவப்பு வெல்வெற்றுத் துணியில், தம் தந்தையாரின் பெயரைப் பொன்னிற நூலாற் பொறித்து, அழகிய திரையொன்று செய்வித்து அனுப்பினார். அதன் பெறுமதி எமது கடனிலும் இரண்டு மடங்காகும். நாமும் எமது கடனை அவருக்குச் சொல்லவில்லை, சொல்ல நாணினோம். மன்றம் மறைந்தது, திரை மறையவில்லை. வாசிகசாலை ஆண்டு விழாவில் இன்றும் அதைக் கட்டுகின்றனர். அத்திரையைக் காணும்போதெல்லாம் எமக்குத் தோன்றும் எண்ணமே இக்கட்டுரைக்கு வித்தாகும். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் கொடுப்பவர் பலர். கண்ணுக்குத் தெரியாத தேவைக்குக் கொடுப்பவர் சிலர். ஆனால் மன்றங்களை வாழவைப்பது பின்னையதே.

"நல்ல நாடகமாயின் அது தானே நிற்கும், தாங்குவாரை ஏன் தேடவேண்டும்?" என்று சிலர் கேட்பர். இதற்கு விடை வேண்டின், சிறு நாடக இயக்கத்தின் முன்னோடியாகிய அந்துவான் என்பாரின் வரலாற்றைப் பார்த்தல் போதும். அவர் பாரிஸ் நகரிலே எரிவாயுக் கம்பனி ஒன்றிற் சாதாரண எழுதுவினைஞராயிருந்தவர். 1887ஆம் ஆண்டில் "சுதந்திர அரங்கு" எனும் பெயருடன் ஒரு குழுவைத் தொடக்கினார். முதல் நாடகத்துக்கு வேண்டிய மேசை நாற்காலிகளைத் தம் தாயாரின் வீட்டிலிருந்து கைவண்டியில் ஏற்றித் தாமே தெருவழியே தள்ளிச் சென்றார் என்பர். பெரிய அரங்குகள் தொட அஞ்சிய நாடகங்களை அவர் மேடையேற்றினார். இப்செனையும் பிரான்சுக்கு அறிமுகஞ் செய்தார். அவரைப் பின்பற்றி 1889இல் பேர்லினிலும், 1891இல் இலண்டனிலும் இத்தகைய அரங்குகள் எழுந்தன. பேர்னாட் ஷோவின் முதல் நாடகம் 1892இல் மேடையேறியது அவ்விலண்டன் அரங்கினாலேதான். இவ்வளவு புகழ் பெற்றும், அந்துவான் 1894ஆம் ஆண்டிற் கடன் சுமை தாங்காது தம் அரங்கைக் கைவிட நேர்ந்தது. நாடகத்தின் தரமே ஒரு குழுவை நிறுத்தவல்லதாயின், அந்துவானின் குழு நின்றிருத்தல் வேண்டும். அவருக்கு உறுப்பினர் சந்தா இருந்தது, இரசிகர் இருந்தனர். இல்லாதிருந்தது, முட்டுப்பட்ட காலத்தில் முட்டுக்கொடுக்கும் ஒரு நிறுவனம்.

அவ்வாறாயின் செல்வர் ஒருவர் தாங்கினாற் போதாதா எனின், அதற்கு விடையை டப்ளின் நகரிற் காணலாம். கவிஞர் யேற்சும் கிரெகரி அம்மையாரும் பிறரும் 1899இல் தொடக்கிய ஐரிஷ் நாடக முயற்சிக்குச் சொந்த இடம் இருக்கவில்லை. ஹோர்ணிமன் எனும் ஆங்கிலச் சீமாட்டியார் தம் பணத்தில் ஒரு கட்டடத்தைப் பெற்றுத் திருத்திக் கொடுத்தார். ஆண்டுதோறும் உதவித்தொகையும் வழங்கினார். 1904 டிசம்பர் 27ஆந் திகதி திறக்கப்பட்ட அவ்வரங்கே உலகறிந்த அபி அரங்காகும். ஆனால் 1910ஆம் ஆண்டு ஏழாம் எட்வேட் மன்னர் மறைந்தபோது, துக்கம் கொண்டாட அரங்கை மூடாது நாடகம் நடத்தினர் என்ற காரணத்தால் அம்மையார் சினந்தார். அந்தப் பிணக்கோடு அவரது உதவியும் முடிவுற்றது. ஒருவரது கைவிளக்கின் ஒளியில் நடப்பவன், அவர் கையைத் திருப்பியவுடன் இருளில் நிற்பான். பின்னர் 1925ஆம் ஆண்டு ஐரிஷ் அரசு ஆண்டுக்கு 850 பவுண் வழங்க இசைந்தது. தொகை பெரிதன்று, ஆயினும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலே அரசின் நிலையான உதவியைப் பெற்ற முதலாவது அரங்கு எனும் பெயரை அது அபிக்குத் தந்தது. தனியொருவரின் விருப்பு வெறுப்பிலிருந்து அரங்கு விடுபட்டமையே இங்கு நாம் கருதற்பாலது.

அரசு கொடுப்பதிலும் ஓர் அச்சம் உண்டு. கொடுக்கும் கை எழுதும் கையையும் பிடித்துக்கொள்ளுமோ என்பதே அது. பிரித்தானியர் இதற்கு ஒரு வழி கண்டனர். போர்க்காலத்தில், 1940ஆம் ஆண்டிற் கலைகளை ஊக்குவிப்பதற்கென ஒரு சபை அமைக்கப்பட்டது. பொருளியலறிஞர் கெயின்ஸ் அதன் தலைவராயிருந்தார். அதுவே 1946இல் அரச பட்டயம் பெற்றுப் பிரித்தானியக் கலைக்கழகமாயிற்று. அரசு கழகத்துக்குப் பணம் கொடுக்கும். எக்குழுவுக்கு எவ்வளவு என்பதை மந்திரிமார் அன்றிக் கழகமே தீர்மானிக்கும். கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையிலே ஒரு முழத் தூரம் வைத்தல் என்று இம்முறையைக் கூறலாம். இது குற்றமற்ற முறையென்று நாம் சொல்ல வரவில்லை. எனினும், இடையில் நிற்கும் நிறுவனமொன்றின் பயன் யாதென்பதை இது தெளிவாகக் காட்டுகின்றது.

இவற்றினும் எம் கருத்தைக் கவர்ந்தது நியூயோர்க் நகரிற் சிறு குழுக்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாடாகும். புறோட்வே எனும் பெருவீதியின் வணிக அரங்குகளுக்கு அப்பால், கோப்பிக் கடைகளிலும் நிலவறைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் 1950களின் இறுதி முதலாகச் சிறு குழுக்கள் பல முளைத்தன. ஒன்றையொன்று போட்டியாளராகக் கருதியிருக்கக்கூடிய அக்குழுக்களிற் சில, 1972ஆம் ஆண்டு ஒன்றுகூடித் தமக்கென ஒரு கூட்டணியை அமைத்தன. பெயர் மாறி, இன்று "ஏ. ஆர். ரி. நியூயோர்க்" என வழங்கும் அந்நிறுவனம் தானாக ஒரு நாடகத்தையும் தயாரிப்பதில்லை. நாடகம் தயாரிப்போருக்கு ஒத்திகை அறைகளும் அலுவலக அறைகளும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்தல், உறுதியான ஒரு வருமானம் கைக்கு வருமுன் ஏற்படும் முட்டுப்பாட்டைத் தீர்க்கக் குறுங்காலக் கடன் வழங்குதல், கணக்கு வைப்பதிலும் நிருவாகத்திலும் பயிற்சி தருதல் ஆகியனவே அது செய்துவந்த தொண்டு. அந்நகரிலேயே 1968இல் நிறுவப்பட்ட நாடக வளர்ச்சி நிதியம், பெரும் உடுப்புக் களஞ்சியமொன்றை வைத்து, இலாபம் கருதாத குழுக்களுக்குக் குறைந்த விலையில் வாடகைக்குக் கொடுத்துவந்துள்ளது. இலண்டனிலும் 1974இல் சிறு குழுக்கள் கூடிச் சுதந்திர நாடகக் கழகம் எனும் ஓர் அமைப்பைக் கண்டன. நடிகருடன் செய்யும் ஒப்பந்தம், சட்டம், பயிற்சி ஆகிய துறைகளில் அது உறுப்பினருக்கு வழிகாட்டுகின்றது.

இவற்றைப் படிக்கும்போது எமக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. நியூயோர்க்கார் 1972இல் கண்டுபிடித்ததன் கருவை எம்முடைய கூத்து மரபு நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்ததன்றோ? மட்டக்களப்புக் கிராமங்களிற் கூத்து ஆடும் முறையை எண்ணிப் பாருங்கள். ஊரார் கூடித் தீர்மானிப்பர், அண்ணாவியாரை அழைப்பர், பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டம் கொடுப்பர், சதங்கை அணிவிப்பர், அடுக்குப் பார்ப்பர், இறுதியிற் களரியேற்றுவர். இத்தனைக்கும் பின்னால் முன்னீட்டுக்காரர் எனப்படும் ஒருவர் நிற்பார். அவர் ஆடமாட்டார், பாடமாட்டார். ஆனால் எண்ணெய் உண்டா, களரிக்கு மரம் உண்டா, அண்ணாவியாருக்குக் கொடுக்கவேண்டியது கைவசம் உண்டா, ஆட்டக்காரன் ஒருவனின் வயலில் வேலை நின்றுவிட்டதா என்பதையெல்லாம் அவர் அறிவார். நட்டம் வந்தால் அதை ஒருவன் தலையில் விழவிடாது ஊர் பங்கிட்டுக் கொள்ளும். இளைஞன் ஒருவன் தாயின் சங்கிலியை அடகு வைக்கவேண்டிய நிலை அவ்வமைப்பில் எளிதில் நேராது. ஊரே தாங்கும் நிறுவனமாயிருந்தது.

நகரத்திலே சபைகள் அவ்விடத்தை ஓரளவு நிரப்பின. பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையை முன்மாதிரியாகக் கொண்டு, கொழும்பிலே 1913இல் சுபோத விலாச சபை தோன்றியது. கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் அதன் முதுகெலும்பாய் விளங்கினார். உறுப்பினர் சந்தா செலுத்துவர். அச்சந்தா நாடகங்களுக்கிடையேயுள்ள வெறுமையான மாதங்களிலும் சபையைக் காக்கும். 1968ஆம் ஆண்டு வெளிவந்த அவரது "ஈழத்தில் நாடகமும் நானும்" எனும் நூலை நாடகப் பற்றுள்ள மாணவர் அனைவரும் தேடிப் படித்தல் நன்று.

பின்னர் அரசின் கையும் நீண்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தை நாம் நன்றியுடன் நினைவுகூர்தல் வேண்டும். 1956ஆம் ஆண்டு பேராசிரியர் சரச்சந்திராவின் "மனமே" நாடகம் சிங்கள மேடையில் ஒரு புதிய யுகத்தைத் தொடக்கியது. அதே உணர்வோடு வித்தியானந்தன் அவர்கள் தமிழ்க் கூத்தின்பால் திரும்பினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துப் பல்கலைக்கழக மாணவருக்குக் கூத்துப் பழக்குவித்தார். "கர்ணன் போர்" 1962இலும், "நொண்டி நாடகம்" 1963இலும், "இராவணேசன்", "வாலி வதை" ஆகியன அவற்றின் பின்னரும் மேடையேறின. இந்நாடகங்களைப் பலரும் புகழ்வர். நாமோ அவர் செய்த ஏனைய பணிகளை அதனினும் மேலாக மதிக்கின்றோம். நாடகக் குழுவின் மூலம் நாடகப் போட்டிகள் நடந்தன. கிராமத்து அண்ணாவிமார் மேடைக்கு அழைக்கப்பட்டுக் கௌரவிக்கப்பட்டனர். ஏட்டிற் கிடந்த "அலங்காரரூபன் நாடகம்" 1962இலும், "மூவிராசர் நாடகம்" 1966இலும், "ஞானசவுந்தரி நாடகம்" 1967இலும் அவரது பதிப்பாக அச்சேறின. ஒரு நாடகம் ஓரிரவில் முடிந்துவிடும். அச்சேறிய ஏடும், மதிப்புப் பெற்ற அண்ணாவியாரும் நூறு நாடகங்களுக்கு விதையாவர்.

யாழ்ப்பாணத்திலே 1965ஆம் ஆண்டு தொடங்கிய திருமறைக் கலாமன்றமும், குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978இல் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கன. நாடக அரங்கக் கல்லூரி நாடகம் போட்டதோடு நில்லாது, நடிகனுக்கு உடலையும் குரலையும் பழக்கும் பயிற்சிக் களமாகவும் விளங்கியது. அங்கே பயின்றோர் வெளியே சென்று பாடசாலைகளிலும் ஊர்களிலும் பிறரைப் பயிற்றினர். இன்று "நாடகமும் அரங்கியலும்" எமது மாணவருக்கு ஒரு பாடமாயிருப்பதற்கு இத்தகையோரின் உழைப்பு பெரிதும் காரணமாகும்.

இப்பொழுது எம் நிலை யாது? போர் ஊர்களைக் கலைத்தது. முன்னீட்டுக்காரர் ஒரு நாட்டிலும், ஆட்டக்காரர் வேறொரு நாட்டிலும், அண்ணாவியார் தனியே ஊரிலும் வாழும் நிலை பல இடங்களில் உண்டாயிற்று. 2009இன் பின் ஊர்கள் மீளக் குடியேறின. ஆனால் ஊரைத் தாங்கிய ஒழுங்குகள் எல்லாம் உடன் குடியேறவில்லை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் விலையேற்றத்திலும், ஒத்திகைக்குச் செல்லும் பயணமே பலருக்குச் சுமையாயிற்று. பாடசாலையில் நாடகத்தைப் பாடமாகப் படித்து, பல்கலைக்கழகத்திலும் கற்று வெளிவரும் இளைஞர் இன்று பலர். எம்மிடம் கற்றோரே சிலர் உளர். அவர்களுக்குத் திறமை உண்டு. நாம் இருபது வயதிற் பெற்றிராத பயிற்சியும் உண்டு. ஆனால் மூன்றாம் மேடையில் மழை பெய்தால் அவர்களைத் தாங்குவார் யார்? இக்கேள்விக்கு விடை கூறாது அவர்களை "நாடகம் போடுங்கள்" என்று ஊக்குவித்தல் பொறுப்புள்ள செயலாகாது.

தாங்கும் நிறுவனம் ஒன்று செய்யவேண்டியவற்றை நாம் ஐந்தாக வகுத்துக் கூறுவோம். முதலாவது, இடம். மாலை வேளையில் வெறுமையாயிருக்கும் மண்டபம் ஒன்றை ஒத்திகைக்குத் திறந்துவிடுதல். இரண்டாவது, பொருள். உடுப்பு, விளக்கு, ஒலிக்கருவி ஆகியவற்றை ஒரு களஞ்சியமாகச் சேர்த்துப் பத்து மன்றங்களும் மாறிமாறிப் பயன்படுத்த வைத்தல். மூன்றாவது, சுழல்நிதி. இது நன்கொடையன்று, திருப்பிக் கொடுக்கவேண்டிய, வட்டியில்லாத கடன். நான்காவது, அறிவு. பிரதிக்கு அனுமதி பெறுதல், கணக்கு எழுதுதல், எழுத்தாளனின் உரிமையைப் பேணுதல் ஆகியவற்றைச் சொல்லித்தருதல். ஐந்தாவது, வழி. ஓரிடத்தில் ஆடிய நாடகத்தை அடுத்தடுத்த பாடசாலைகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுசெல்ல ஒழுங்கு செய்தல். நாடகம் ஒன்றைத் தயாரிக்கும் செலவு முதல் மேடைக்கே பெரும்பாலும் போய்விடுகின்றது. பத்தாம் மேடை வரை செல்லும் நாடகமே அச்செலவை ஈடுசெய்யும்.

சுழல்நிதியின் இயல்பை ஒரு கணக்கால் விளக்குவோம். மூன்று இலட்சம் ரூபா கொண்ட நிதியொன்று இருப்பதாகக் கொள்க. ஒரு மன்றத்துக்கு ஐம்பதினாயிரமாக ஆறு மன்றங்களுக்கு ஒரே வேளையிற் கடன் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் ஆறு மாதத்திலே திரும்பினால், ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு நாடகங்களுக்கு அந்நிதி கைகொடுக்கும். அடுத்த ஆண்டும் அதே மூன்று இலட்சம் மற்றொரு பன்னிரண்டைத் தாங்கும். சில கடன்கள் திரும்பா, மழை பெய்யும். அதற்கென ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் சேர்த்துவந்தால் நிதி குன்றாது. அதே மூன்று இலட்சத்தை ஒரே நாடகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தால், பளபளப்பான ஓரிரவு கிடைக்கும். எது பயனுடையது என்பதை வாசகர் தாமே தீர்மானித்துக்கொள்வாராக.

நிற்க. தாங்கும் நிறுவனம் என்று பெயர் வைத்துக்கொண்டவையெல்லாம் தாங்குவன என்று நாம் கருதவில்லை. சில நிறுவனங்கள் தலைவர், உபதலைவர், பொதுக்கூட்டம், வரவேற்புரை ஆகியவற்றிலேயே தம் பணத்தை முடித்துவிடுகின்றன. சில, தமக்கு வேண்டியவர்க்கே கொடுக்கின்றன. சில, கொடுத்த கடனைக் காட்டிப் பிரதியிலும் கைவைக்கின்றன. ஆகவே கொடுக்குமுன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஆண்டுக் கணக்கை யாவரும் காண வெளியிடுகின்றீர்களா? உங்களோடு கருத்து வேறுபட்ட மன்றத்துக்கும் உங்கள் மண்டபக் கதவு திறக்குமா? நீங்கள் உதவிய நாடகத்தில் உங்களுக்குப் பிடிக்காத காட்சியொன்று வந்தால் என் செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடையே நிறுவனத்தின் தரத்தைக் காட்டிவிடும். ஹோர்ணிமன் அம்மையாரின் வரலாற்றை நாம் மேலே கூறியது இதற்காகவே. அவர் தந்த அரங்கு பெரிது. அவரது கொடையையும் நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அவ்வரங்கு ஒருவரின் உளநிலையைச் சார்ந்திருந்த குறை மறைக்கக்கூடியதன்று.

இனி, எம் கல்லூரியின் பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். யூபிலி மண்டபம் எழுகின்றது. அதன் மேடைக்குத் திரையும் வரும், பெயர்ப்பலகையும் வரும். அவற்றைத் தருவோருக்கு எம் வணக்கம் உரியது. அத்தோடு, பெயர் பொறிக்க இடமில்லாத ஒரு கொடையையும் சிலர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் அம்மண்டபம் எவ்வூர் மன்றத்துக்கும் ஒத்திகைக்குத் திறக்கப்படுமாக. மேடைக்குப் பின்னுள்ள ஓர் அறை உடுப்பும் விளக்கும் வைக்கும் களஞ்சியமாகுக. சங்கத்தின் பொறுப்பிலே ஒரு சுழல்நிதி அமைக. வங்கியிலும் கணக்கியலிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவர் எம்முள் பலர். அவர்களில் இருவர் மாதத்தில் ஒருநாள் வந்து இளைஞருக்குக் கணக்கெழுதச் சொல்லிக்கொடுப்பாராக. இதற்குப் பணம் வேண்டியதில்லை. தத்தம் ஊர்களிலும், தாம் வாழும் நாடுகளிலும் ஏற்கெனவே இத்தொண்டைச் செய்துவரும் நிறுவனங்கள் இருப்பின், புதியதொன்றைத் தொடக்காது அவற்றுக்கே தோள்கொடுத்தலும் இதனோடு ஒத்த நற்பணியேயாம்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல். நாடகப் போட்டியிற் பரிசு பெற்ற மாணவனை மேடையில் ஏற்றிப் பாராட்டுகின்றோம். விளக்கைப் பிடித்தவனை, உடுப்பைத் துவைத்து மடித்து எண்ணி வைத்தவனை, வரவு செலவை ஒரு சதமும் பிசகாது எழுதியவனை நாம் பாராட்டுவதில்லை. நாளைய முன்னீட்டுக்காரர் அவர்களே. நடிப்பைப் போலவே இத்தொழிலும் பழகவேண்டியது, பழக்கவேண்டியது. எமது கல்லூரி நாடக மன்றத்திலே இவ்வாண்டு முதல், நடிகர் பெயர்ப் பட்டியலுக்கு முன்னதாகப் பின்மேடைப் பணியாளரின் பெயர்களை அச்சிடுவதென்று முடிவு செய்துள்ளோம்.

எம் ஊரிற் கோயில் தேரை ஆண்டுக்கு ஒருநாள் யாவரும் கூடி இழுப்பர். வடத்திற் கைவைக்காதவர் இல்லை. ஆனால் ஏனைய நாள்களில் அத்தேர் நிற்கும் கொட்டகையின் கூரையை வேய்பவர் ஒருவரோ இருவரோதான். கூரை ஒழுகினால் மரம் உக்கும். மரம் உக்கினால் வடம் பிடிப்பதற்கு ஆயிரம் பேர் வந்தும் பயனில்லை. நாடக விழாவுக்குக் கைதட்ட வருவோர் எம்மிடையே நிறைய உளர். கூரை வேய வருவோரையே நாம் இம்மலர் வாயிலாக அழைக்கின்றோம். அத்தகையோர் நால்வர் முன்வரின், பெட்டகத்துள் இருக்கும் அவ்விரண்டு கொப்பிகளையும் எம் மாணவர் கையிற் கொடுக்க நாம் சித்தமாயிருக்கின்றோம்.